ஓர் எண்ணின் ஜாதகம்

எட்டாம் வகுப்பில் எங்கள் கணக்கு வாத்தியார் ஒரு நாள் கரும்பலகையில் 2047 என்று எழுதினார். "இது பகா எண்ணா, இல்லையா? மணி அடிப்பதற்குள் சொல்லுங்கள்" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதது பகா எண். நான் 3-ஆல் வகுத்தேன், போகவில்லை. 5, 7, 11, 13, 17, 19 என்று வரிசையாக முயன்றேன். எதற்கும் மசியவில்லை. இத்தனைக்கும் மசியாதது பகா எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு கட்டிக் கையைத் தூக்கினேன். வாத்தியார் பேசாமல் வந்து என் நோட்டில் 23 × 89 என்று எழுதிவிட்டுப் போனார். இன்னும் ஒரே ஒரு வகுத்தல் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

அவர் 2047-ஐத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. சதுரங்கக் கட்டங்களில் தானியம் வைக்கும் கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று ஒவ்வொன்றிலும் இரட்டிப்பு. இரண்டு கட்டம் முடிந்ததும் மொத்தம் 3. மூன்று கட்டத்துக்கு 7. ஐந்துக்கு 31. ஏழுக்கு 127. நான்கு கூட்டுத்தொகையும் பகா எண்கள். கட்டங்களின் எண்ணிக்கையும் 2, 3, 5, 7 என்று பகா எண்களே. 'ஆகா, ஒரு விதி கிடைத்துவிட்டது' என்று குதிக்கத் தோன்றும். அடுத்தது 11 கட்டம். மொத்தம் 2047. விதி அங்கே சறுக்கி விழுகிறது.

n கட்டங்களின் மொத்தம் எப்போதும் 2-ன் n-ஆவது அடுக்கில் ஒன்று குறைவு, சுருக்கமாக 2ⁿ–1. இந்த வடிவத்தில் உள்ள பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மரேன் மெர்சென் 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த கிறிஸ்தவத் துறவி. ஐரோப்பியக் கணித மேதைகளுக்கிடையே கடிதத் தொடர்பு வைத்திருந்த மனிதர். 1644-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். n-ன் மதிப்பு 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆக இருந்தால் 2ⁿ–1 பகா எண்; 257 வரை வேறெதற்கும் அல்ல என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அதைச் சரிபார்க்கவும் யாராலும் முடிந்திருக்காது. ஜோசியர் சொன்ன பலன் மாதிரி, காலம்தான் சொல்லவேண்டியிருந்தது.

31-ஐப் பற்றி அவர் சொன்னது சரி என்று ஆய்லர் 1772-ல் நிரூபித்தார். எண் 2,14,74,83,647. ஆய்லர் பல குறுக்கு வழிகள் கண்டுபிடித்து, வகுத்துப் பார்க்க வேண்டிய எண்களை வெகுவாகக் குறைத்துக்கொண்டார். இருந்தாலும் அடிப்படையில் அதுவும் என் எட்டாம் வகுப்பு முறைதான். 1811-ல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதைவிடப் பெரிதாக ஒன்றை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்கிற ரீதியில் எழுதினார். அவர் சொன்ன காரணம்தான் சுவாரஸ்யம். முடியாது என்பதல்ல, இவை வெறும் வேடிக்கை, உபயோகம் ஒன்றும் இல்லை, ஆகவே யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது.

மெனக்கெட்டவர் எட்வார்ட் லூக்காஸ்.

பிரான்சில் ஆமியான் நகரில் 1842-ல் பிறந்தவர். பாரிஸ் வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். பிரஷ்யாவுடன் நடந்த யுத்தத்தில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தார். பிறகு பள்ளி ஆசிரியர். கணித விளையாட்டுகளில் தீராத மோகம். பொம்மைக் கடைகளில் இன்றும் கிடைக்கும் 'ஹனோய் கோபுரம்' இவர் 1883-ல் விற்பனைக்கு விட்டதுதான். மூன்று கம்பிகள், ஒன்றில் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிய வட்டுகள், பெரியதைச் சிறியதன் மேல் வைக்காமல் இன்னொரு கம்பிக்கு மாற்றவேண்டும். காசிக் கோயிலில் பிராமணர்கள் 64 தங்க வட்டுகளை இப்படி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடித்ததும் உலகம் அழியும் என்று அந்தப் பொம்மையோடு ஒரு கதையும் பரவியது. காசியில் யாரும் கேள்விப்படாத கதை! ஆனால் கணக்கு சரியானது. 64 வட்டுகளுக்கு வேண்டிய நகர்த்தல்கள் 2⁶⁴–1. மறுபடியும் அதே வடிவம். மனிதருக்கு அதன்மேல் ஒரு பிடிப்பு.

1876-ல், 33-ஆவது வயதில், மெர்சென் பட்டியலில் இருந்த 127-ஐ எடுத்துக்கொண்டார். 2¹²⁷–1 என்பது இதுதான்:

170141183460469231731687303715884105727

39 இலக்கங்கள். இதை என் பள்ளிக்கூட முறையில் சோதிப்பதானால், வகுத்துப் பார்க்க வேண்டிய பகா எண்கள் மட்டுமே சுமார் 3,000 கோடி கோடி. தூக்கமே இல்லாமல் வினாடிக்கு ஒரு வகுத்தல் போட்டாலும், பூமியின் வயதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். லூக்காஸ் ஒரு வகுஎண்ணைக்கூடத் தேடவில்லை. தேடாமலே இது பகா எண் என்று சொல்லும் ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். அதைப் பின்னாளில் அமெரிக்கரான லேமர் செப்பனிட்டு எளிய வடிவத்தில் கொடுத்தார். ஐந்தாம் வகுப்புப் பையன்கூடப் போடலாம்.

127 என்ற சின்ன எண்ணில் போட்டுப் பார்ப்போம். 4-ல் தொடங்குங்கள். அதன் வர்க்கம் 16. இரண்டைக் கழித்தால் 14. அதன் வர்க்கத்தில் இரண்டு போனால் 194. 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், 67. இப்படியே வர்க்கம், இரண்டு கழித்தல், மீதி. 67-லிருந்து 42. 42-லிருந்து 111. 111-ன் வர்க்கம் 12,321. இரண்டு போக 12,319. அது 127 × 97. மீதி பூஜ்யம். 127 என்பது 2⁷–1 அல்லவா? ஏழில் இரண்டு குறைவாக, ஐந்து முறை செய்ததும் பூஜ்யம் வந்தால் அது பகா எண். வராவிட்டால் இல்லை. 2047-க்கு இதை ஒன்பது முறை செய்யவேண்டும். கடைசியில் 1736 மீதி நிற்கும். 23 என்றோ 89 என்றோ அது சொல்லாது. 'பகா எண் இல்லை' என்று மட்டும் சொல்லும்.

39 இலக்க எண்ணுக்கு இப்படி 125 முறை. ஒவ்வொரு முறையும் 39 இலக்க எண்ணை அதனாலேயே பெருக்கி, வரும் 77, 78 இலக்க விடையை 39 இலக்க எண்ணால் வகுக்கவேண்டும். (லூக்காஸ் 4-க்குப் பதில் 3-ல் தொடங்கினார், வேலை ஏறக்குறைய அதேதான்.) சாதாரணமாகப் போட்டால் பைத்தியம் பிடிக்கும். அவர் சொன்ன வழி சதுரங்கப் பலகை. 64 கட்டப் பலகை அல்ல. பக்கத்துக்கு 127 கட்டம், மொத்தம் 16,129 கட்டங்கள்.

அதன் சூட்சுமம் நெல் கதையிலேயே இருக்கிறது. ஏழு கட்டப் பலகையையே எடுத்துக்கொள்வோம். எட்டாவது கட்டம் என்று ஒன்று இருந்தால் அதன் மதிப்பு 128. ஆனால் நாம் 127-ஆல் வகுத்த மீதியைத்தான் பார்க்கிறோம். 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1. ஆக, எட்டாவது கட்டத்தில் விழவேண்டிய காயை முதல் கட்டத்தில் வைத்துவிடலாம். பலகையின் இடது ஓரத்தில் வெளியே போகும் காய் வலது ஓரத்தில் உள்ளே வருகிறது. வகுத்தலே தேவையில்லை. பெருக்கலும் ஒவ்வொரு வரிசையையும் ஓரிரு கட்டம் தள்ளி அடுக்குவதாக ஆகிவிடும். பிறகு ஒரே கட்டத்துக்கு இரண்டு காய் வந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு அடுத்த கட்டத்தில் ஒன்று. இவ்வளவுதான் ஆட்டம். இன்றைய கம்ப்யூட்டர்கள் செய்யும் இரும எண் கணக்கை, கம்ப்யூட்டர் வருவதற்கு 70 வருடம் முன்பே மரப்பலகையில் நடத்தச் சொன்னார்.

கடைசியில் பூஜ்யம் வந்தது. 2¹²⁷–1 பகா எண் என்று அறிவித்தார். மெர்சென் சொல்லி 232 வருடம் ஆகியிருந்தது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கையால் போட்ட இவ்வளவு நீளக் கணக்கை எப்படி நம்புவது? நடுவில் ஒரு காய் இடம் மாறியிருந்தால்? இந்தச் சோதனையின் அழகே இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. கணக்கில் எங்கேயாவது தப்பு நேர்ந்தால், அதற்குப் பின் வரும் மீதிகள் எல்லாம் கன்னாபின்னாவென்று மாறிவிடும். கடைசி மீதி 39 இலக்க எண்களில் எதுவாகவும் இருக்கலாம். அது தற்செயலாக சரியாகப் பூஜ்யத்தில் வந்து நிற்பது கடற்கரையில் குறிப்பிட்ட ஒரு மணல் துகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதைவிடக் கடினம். பூஜ்யம் வந்தால் போட்டவர் தப்புச் செய்யவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. பூஜ்யம் வராவிட்டால்தான் சங்கடம். எண் பகா எண் அல்லவா, அல்லது நாம்தான் ஒரு காயை மாற்றி வைத்துவிட்டோமா? அந்த மீதியைப் பார்த்துச் சொல்லமுடியாது. லூக்காஸ் கொடுத்த நிரூபணத்தில் இடைவெளிகள் இருந்தன. அவற்றை லேமர் பிற்பாடு அடைத்தார். ஃபோகாம்பெர்க் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் 127-ஐ மறுபடி கையாலேயே போட்டுப் பார்த்தார். விடை மாறவில்லை.

சங்கடமான பக்கத்துக்கு உதாரணம் 67. அதே 1876-ல் லூக்காஸ், 2⁶⁷–1 பகா எண் அல்ல, மெர்சென் சொன்னது தவறு என்றும் காட்டினார். அப்படியானால் அதை எது வகுக்கிறது? தெரியாது. 27 வருடம் தெரியவில்லை. திருட்டு நடந்தது நிச்சயம், திருடன் யாரென்று தெரியாது என்கிற நிலை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் 2-ஐ 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தார். மறுபக்கம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டும் 147573952589676412927. ஒரு வார்த்தை பேசாமல் இருக்கைக்குத் திரும்பினார். கூட்டம் கைதட்டியது. எவ்வளவு நாள் ஆயிற்று என்று பிறகு கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். கதையில் கொஞ்சம் மெருகு ஏற்றப்பட்டிருக்கலாம். ஆனால் பெருக்கல் நிஜம். வேண்டுமானால் வாசகர்கள் ஓய்வு நேரத்தில் போட்டுப் பார்க்கலாம்.

மெர்சென் 257-லும் கோட்டை விட்டார். 61, 89, 107 மூன்றையும் பட்டியலில் சேர்க்காமல் விட்டார். 61-ஐ 1883-ல் கண்டுபிடித்தவர் பெர்வூஷின் என்ற ரஷ்ய கிராமத்துப் பாதிரியார். இந்தத் துறையில் துறவிகளும் பாதிரிகளும் பள்ளி ஆசிரியர்களும்தான் அதிகம்.

லூக்காஸின் முடிவு அவலமானது. 1891-ல் மார்செய் நகரில் ஒரு விஞ்ஞான மாநாட்டின் விருந்து. பரிமாறுபவர் கை தவறித் தட்டுகள் விழ, ஒரு பீங்கான் சில்லு தெறித்து அவர் கன்னத்தைக் கீறியது. காயம் புரையோடி, சில நாட்களில் இறந்தார். வயது 49. பென்சிலின் வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

அவருடைய எண் 1951 வரை, 75 வருடம், உலகின் மிகப் பெரிய பகா எண்ணாக ஆண்டது. கணக்கிடும் எந்திரம் எதுவும் இல்லாமல் கண்டுபிடித்தவற்றில் மிகப் பெரியது இன்றும் அதுதான். 1951-ல் கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் எட்சாக் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்த 79 இலக்க எண்கூட, லூக்காஸின் எண்ணை வர்க்கப்படுத்தி, 180-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டியது. அடுத்த வருடம் ராபின்சன் அமெரிக்காவில் ஸ்வாக் கம்ப்யூட்டருக்கு லூக்காஸின் சோதனையையே எழுதிக் கொடுத்து, 521-ஐயும் 607-ஐயும் ஒரே நாளில் பிடித்தார். பிறகு ஓட்டப் பந்தயம்தான். 1996-ல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய இன்டர்நெட் கூட்டு முயற்சியில் சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் ஓய்வு நேரத்தைத் தானம் செய்கிறார்கள். 2024 அக்டோபரில் அதன் மூலம் லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்ததில் n-ன் மதிப்பு 13,62,79,841. எண்ணின் நீளம் 4,10,24,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 4,000 இலக்கம் என்று அச்சடித்தாலும் 10,000 பக்கங்களைத் தாண்டும். டப்ளினில் இருந்த ஓர் எந்திரம் 'இருக்கலாம்' என்றது. டெக்சாஸில் இருந்த இன்னொன்று லூக்காஸ் சோதனையைப் போட்டு 'ஆம்' என்றது. அதாவது 4-ல் தொடங்கி, வர்க்கம், இரண்டு கழித்தல், மீதி என்று 13 கோடியே 62 லட்சத்துச் சொச்சம் முறை. கடைசியில் பூஜ்யம். பூஜ்யம் வராத எண்களுக்குத்தான் அங்கேயும் சந்தேகம். இன்னொரு எந்திரத்தில் மறுபடி போட்டோ, நடுநடுவே தணிக்கை செய்தோ ஊர்ஜிதப்படுத்திக்கொள்கிறார்கள். எந்திரத்துக்கும் காய் இடம் மாறும்.

இந்த இடத்தில் கான்பூரைச் சொல்லாமல் போனால் பாவம். லூக்காஸின் சோதனை 2ⁿ–1 வடிவத்துக்கு மட்டும்தான் செல்லும். எந்த எண்ணானாலும், தற்செயலை நம்பாமல், நியாயமான நேரத்தில் நிச்சயமாகச் சொல்லும் முறை உண்டா என்ற கேள்விக்கு 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் அவருடைய இளம் மாணவர்கள் நீரஜ் கயல், நிதின் சக்சேனாவும் 'உண்டு' என்று நிரூபித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் மெர்சென் எண்களுக்கு வேகத்தில் இன்றும் லூக்காஸ்தான்.

சரி, பார்லோவின் கேள்விக்கு வருவோம். உபயோகம் என்ன? பிரம்மாண்ட பகா எண் கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் 'ரகசியச் சங்கேதங்களுக்குப் பயன்படும்' என்று செய்தித்தாள்களில் ஒரு வரி வரும். நம்பாதீர்கள். நாலு கோடி இலக்க எண்ணை எந்த பாங்க்கும் சீந்தாது. அதுவும் ஊரறிந்த எண். பாங்க்குகள் உபயோகிக்கும் பிரபலமான சங்கேத முறைக்கு வேண்டியது முன்னூற்றுச் சொச்சம் இலக்கத்தில், வேறு யாருக்கும் தெரியாத இரண்டு பகா எண்கள்.

உண்மையான உபயோகம் வேறு இடத்திலிருந்து, லூக்காஸின் பலகையிலிருந்து வந்தது. 2-ன் அடுக்குக்கு மிக அருகில் உள்ள பகா எண்ணில், ஓரம் தாண்டும் காயை மறுபக்கத்தில் உள்ளே விட்டுவிடலாம் என்று பார்த்தோமே. வேகமாகச் சங்கேதம் செய்ய விரும்பும் கம்ப்யூட்டருக்கு இது கொழுத்த லாபம். இந்த வகைச் சங்கேதத்தில் பகா எண் ரகசியமாக இருக்கத் தேவையில்லை; ஆடுகளம் எல்லோருக்கும் பொது, ஆட்டம்தான் ரகசியம். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் செய்திக்குப் பூட்டுப் போடும் கணக்கு 2²⁵⁵–19 என்ற பகா எண்ணின் மேல் நடக்கிறது. ராபின்சன் 1952-ல் பிடித்த 2⁵²¹–1 அமெரிக்க அரசின் அதிகாரபூர்வமான சங்கேதத் தரங்களில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது. லூக்காஸின் 39 இலக்கத்தையே அடித்தளமாக வைத்து 2015-ல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் ஒரு முறையை வடிவமைத்தார்கள். 'வெறும் வேடிக்கை' என்று சொன்ன பார்லோவை நான் குறை சொல்லமாட்டேன். 1811-ல் நான் இருந்திருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன்.

இன்னொரு உபயோகமும் உண்டு. 1994-ல் வர்ஜீனியாவில் தாமஸ் நைஸ்லி என்ற பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் தலைகீழ் மதிப்புகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். உலகில் யாருக்கும் அவசரமாகத் தேவைப்படாத கூட்டல். புதிதாக வாங்கிய பென்டியம் கம்ப்யூட்டரில் விடை உதைத்தது. முதலில் தன்னைத்தான் சந்தேகித்தார். மாதக்கணக்கில் துருவிய பிறகு குற்றவாளி சில்லு என்று தெரிந்தது. குறிப்பிட்ட சில எண்களை வகுக்கும்போது தப்புச் செய்தது. இன்டெல் கம்பெனி சில்லுகளை மாற்றித் தர 47.5 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது. இன்று மெர்சென் வேட்டை மென்பொருளை, புதிய கம்ப்யூட்டர் தாங்குமா என்று பார்க்கவே பலர் ஓட்டுகிறார்கள்.

லூக்காஸின் எண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு; எனக்கு மிகவும் பிடித்தது. 2-ல் தொடங்குங்கள். 2²–1 = 3. 2³–1 = 7. 2⁷–1 = 127. 2¹²⁷–1 லூக்காஸின் எண். ஒவ்வொன்றும் முந்தியதன் தோளில் ஏறி நிற்கிறது. ஐந்தும் பகா எண்கள். லூக்காஸின் அறிவிப்பு வந்த சூட்டிலேயே பெல்ஜியத்தின் கட்டலான் இதைக் கவனித்து, அடுத்ததும் அப்படி இருக்குமா என்று கேட்டார். அதாவது, 2-ஐ 170141183460469231731687303715884105727 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது பகா எண்ணா?

அந்த எண்ணை எழுதமுடியாது. அதில் எத்தனை இலக்கம் என்ற எண்ணிக்கையை எழுதவே 38 இலக்கம் வேண்டும். லூக்காஸின் சோதனையை உலகத்துக் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் சேர்ந்தாலும் அதில் தொடங்கக்கூட முடியாது. சாத்தியமானது ஒன்றுதான், என் எட்டாம் வகுப்பு முறை. சின்ன எண்களாகப் போட்டு வகுத்துப் பார்க்கிறார்கள். இதுவரை எதற்கும் மசியவில்லை. நானும் ஒரு காலத்தில் 19 வரை போனவன்தான். இந்த முறை கையைத் தூக்குவதாக இல்லை.